லென்ஸே இல்லாத மூக்குக்கண்ணாடி... 75 சென்ட் பிரேமால் சினிமாவை மாற்றிய ஹரால்ட் லாய்ட்! யார் இவர்?

உயரமான கட்டடம். அதன் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அந்தக் கடிகாரத்தின் முள்ளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அந்தரத்தில் தொங்குகிறார். கீழே கார்களும் மனிதர்களும் எறும்பு மாதிரி நகர்கிறார்கள். தொங்குபவரின் முகத்தில் தடித்த வட்ட பிரேம் போட்ட ஒரு கண்ணாடி.

இந்தப் படத்தை போஸ்டரிலோ, டி-ஷர்ட்டிலோ, ஏதாவது மீமிலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் பெயர் கேட்டால் பலருக்கும் தெரியாது. அவர்தான் ஹரால்ட் லாய்ட். மௌனப் பட காலத்தில் சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன் ஆகியோருக்குச் சமமாக வைத்துப் பேசப்பட்ட நகைச்சுவை நடிகர். சாப்ளினுக்கு மீசையும் தொப்பியும் எப்படியோ, லாய்டுக்கு அப்படி ஒரு கண்ணாடி பிரேம்.

அந்த பிரேம் எப்படி அவர் மூக்கில் ஏறியது? அது எதனால் ஆனது? அதில் ஏன் லென்ஸ் இல்லை? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் ஒரு நல்ல பிரேம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே புரியும்.

ஊர் ஊராகச் சுற்றிய குடும்பம்

1893 ஏப்ரல் 20-ம் தேதி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் உள்ள பர்ச்சர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார் லாய்ட். அப்பா தொட்ட தொழில் எதுவும் துலங்கவில்லை. அதனால் குடும்பம் ஒரு ஊரில் நிலையாகத் தங்கவே இல்லை. 1910-ல் பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டார்கள். லாய்ட் அப்பாவோடு இருந்தார்.

சின்ன வயதிலேயே நாடகத்தின் மீது ஆசை. கிடைத்த மேடையில் எல்லாம் ஏறினார். அப்பாவுக்கு ஒரு விபத்தில் அடிபட்டு, அதற்கு நஷ்டஈடாக கொஞ்சம் பணம் வந்தது. அந்தப் பணத்தோடு எங்கே போவது என்று காசைச் சுண்டிப் பார்த்ததாகவும், கலிபோர்னியா என்று விழுந்ததாகவும் சொல்வார்கள். எப்படியோ, அப்பாவும் பிள்ளையும் சான் டியாகோ வந்து சேர்ந்தார்கள். நாணயம் வேறு பக்கம் விழுந்திருந்தால் அவர் நாடக நடிகராகவே இருந்திருக்கலாம்.

1913-ல் சினிமாவில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலை கிடைத்தது. பிறகு லாஸ் ஏஞ்சலஸில் யுனிவர்சல் நிறுவனத்தில் அதே துணை நடிகர் வேலை. அங்கேதான் இன்னொரு துணை நடிகர் அறிமுகமானார். அவர் பெயர் ஹால் ரோச். ரோச் கையில் கொஞ்சம் பணம் வந்ததும் சொந்தமாகப் படம் எடுக்கக் கிளம்பினார். கூடவே லாய்டையும் கூட்டிக்கொண்டார்.

சாப்ளினைத் திருப்பிப் போட்ட வேஷம்

அப்போது சாப்ளின் அலை அடித்துக்கொண்டிருந்த நேரம். எல்லோருக்கும் ஒரு சாப்ளின் வேண்டும். லாய்டும் 1915-ல் லோன்சம் லூக் என்ற ஒரு பாத்திரத்தை உருவாக்கினார். சாப்ளினுக்குத் தொளதொள பேன்ட் என்றால், லூக்குக்கு இறுக்கிப் பிடிக்கும் உடை. சாப்ளினுக்குச் சின்ன மீசை ஒன்று என்றால், லூக்குக்கு இரண்டு புள்ளி வைத்த மாதிரி மீசை. மொத்தத்தில் சாப்ளினையே திருப்பிப் போட்டு எடுத்த காப்பி.

படங்கள் ஓடின. அறுபதுக்கும் மேற்பட்ட குறும்படங்கள் லூக் வேஷத்தில் வந்தன. பணமும் வந்தது. ஆனால் லாய்டுக்கு மனசு ஒட்டவில்லை. என்னதான் செய்தாலும் இன்னொருவரின் நிழலில்தான் நிற்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. கோமாளி வேஷமே இல்லாமல், பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஒருவனை வைத்துச் சிரிக்க வைக்க முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

கண்ணாடி ஐடியா எப்படி வந்தது?

லாய்ட் பார்த்த ஒரு படத்தில் ஒரு பாதிரியார் பாத்திரம். கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். ஆனால் சீண்டினால் புகுந்து விளையாடிவிடுவார். அது லாய்ட் மனதில் பதிந்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்தால் ஆள் சாது, படிப்பாளி, அடிதடிக்கு ஆகாதவன் என்று பார்ப்பவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அப்படி நினைக்க வைத்துவிட்டு அதற்கு நேர்மாறாக நடந்தால்? அங்கேதான் சிரிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

இன்னொரு லாபமும் இருந்தது. இந்த ஆளுக்குச் சாதாரண சட்டை, சூட், தொப்பி போதும். ஒட்டு மீசையும் பெரிய ஷூவும் தேவையில்லை. அதனால் இவன் ஒரு பெண்ணைக் காதலித்தாலும், வேலை தேடி அலைந்தாலும் மக்கள் நம்புவார்கள்.

விநியோகம் செய்த பாதே நிறுவனத்துக்கோ தயக்கம். லூக் படங்கள் நன்றாக ஓடும்போது எதற்கு இந்த விஷப்பரீட்சை? லாய்ட் விடவில்லை. லூக் படங்கள் இரண்டு ரீல் நீளத்துக்கு வளர்ந்திருந்த நேரத்தில், இவர் மறுபடியும் ஒரு ரீல் படத்துக்கு இறங்கி வந்தார். சின்னப் படமென்றால் அடிக்கடி வெளிவரும், ஒன்று சரியில்லாவிட்டாலும் அடுத்ததில் மக்கள் மறந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. 1917-ல் ஓவர் தி ஃபென்ஸ் படத்தில் கண்ணாடி போட்ட லாய்ட் முதல்முறையாகத் திரைக்கு வந்தார்.

மூன்று பிரேம்கள், ஒரே தேர்வு

அந்தக் காலத்தில் அமெரிக்க இளைஞர்களிடம் ஹார்ன் ரிம் எனப்படும் தடித்த பிரேம்கள் ஃபேஷனாகிக்கொண்டிருந்தன. அதற்கு முன்பு பெரும்பாலும் மெல்லிய உலோகக் கம்பி பிரேம், அல்லது மூக்கில் மட்டும் கிள்ளி நிற்கும் காது கம்பியே இல்லாத கண்ணாடி. லாய்ட் தடித்த பிரேமைத் தேர்ந்தெடுத்தார். கறுப்பு வெள்ளைத் திரையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரியும்.

ஆனால் முதல் பிரேமே சரியாக அமையவில்லை. அது ரொம்பக் கனம். ஓடி ஆடி நடிக்கிறவர் மூக்கில் கனமான பிரேம் நிற்காது.

இரண்டாவது பிரேமின் வட்டம் பெரிது. அது புருவத்தை மறைத்துவிட்டது. மௌனப் படத்தில் வசனம் கிடையாது. ஆச்சரியம், பயம், கோபம் எல்லாவற்றையும் புருவம்தான் பேச வேண்டும். புருவம் போனால் பாதி நடிப்பு போச்சு.

மூன்றாவதுதான் செட்டானது. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பிரிங் தெருவில் ஒரு சின்ன கண்ணாடிக் கடையில், கிடந்த பிரேம்களை எல்லாம் கிளறித் தேடி எடுத்தது. விலை வெறும் 75 சென்ட்.

இன்னிக்கு ஒரு நல்ல ஆப்டிக்கல் கடைக்காரர் பிரேமை முகத்தில் வைத்துப் பார்ப்பதும் ஏறக்குறைய இதையேதான். பிரேமின் கனம் மூக்கில் ஒரே இடத்தில் அழுத்துகிறதா, பரவலாக உட்கார்கிறதா? ரிம்மின் மேல் விளிம்பு புருவத்தோடு ஒட்டிப் போகிறதா, அதை மறைக்கிறதா? குனிந்தால் நழுவுகிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் விலையைப் பற்றியே பேச வேண்டும்.

ஏன் லென்ஸ் இல்லை?

லாய்டின் கண்ணாடி வெறும் பிரேம் மட்டும்தான். அந்த ஓட்டைக்குள் கண்ணாடியே கிடையாது. காரணம் ஸ்டுடியோ விளக்குகள். லென்ஸ் இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, கேமராவில் கண்களே தெரியாமல் இரண்டு வெள்ளை வட்டங்கள்தான் பதிவாகும். லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்கும் மேற்பூச்சு, ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது 1935-ல்தான். கடையில் இன்று ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் வேண்டுமா என்று கேட்கிறார்களே, அதன் ஆரம்பம் அது. லாய்ட் காலத்தில் அந்த வசதி இல்லாததால் லென்ஸையே கழற்றிவிட்டார்.

கொம்பா, ஆமை ஓடா, பிளாஸ்டிக்கா?

ஹார்ன் என்றால் கொம்பு. பழைய காலத்தில் மாட்டுக்கொம்பு, எருமைக்கொம்பைச் சீவி, சூடாக்கி வளைத்துதான் இந்த வகை பிரேம்களைச் செய்தார்கள். அதைவிட உசத்தி ஆமை ஓடு. நம் மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அழுங்காமையின் ஓட்டில், மஞ்சளும் பழுப்பும் கலந்த அழகான திட்டுகள் இருக்கும். சூடாக்கினால் வளையும், இரண்டு துண்டுகளை ஒட்டினால் தையல் தெரியாது. அந்த அழகே ஆமைக்கு எமனானது. இன்று அழுங்காமை அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். அதன் ஓட்டை நாடு விட்டு நாடு விற்க சர்வதேசத் தடை இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் மலிவான மாற்றாக வந்ததுதான் செல்லுலாய்ட். யானைத் தந்தத்துக்குப் பதிலாக பில்லியர்ட்ஸ் பந்து செய்ய ஒரு பொருள் தேடிய ஜான் வெஸ்லி ஹயாத் என்ற அமெரிக்கர், 1870-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பஞ்சில் இருக்கும் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் பக்குவம் செய்து, அதோடு கற்பூரம் சேர்த்தால் கிடைக்கும் பிளாஸ்டிக் இது. எந்த நிறமும் ஏறும். ஆமை ஓட்டின் திட்டுகளைக்கூட அப்படியே வரவழைக்கலாம். ஹார்ன் ரிம் என்ற பெயரில் அன்று மலிவு விலையில் விற்ற பிரேம்கள் இந்த வகைதான். பிளாஸ்டிக் பிரேமை நம்ம ஊர் கடைகளில் இன்றும் ஷெல் பிரேம் என்று சொல்கிறார்களே, அந்த ஷெல் ஆமை ஓட்டில் இருந்து வந்த பெயர்தான்.

செல்லுலாய்டில் இரண்டு குறைகள். ஒன்று, நாள் ஆக ஆக அதில் இருக்கும் கற்பூரம் ஆவியாகி, பொருள் சுருங்கி விரிசல் விடும். இரண்டு, தீப்பிடித்தால் சரசரவென எரியும். இந்த இரண்டாவது குறை லாய்டின் வாழ்க்கையில் பின்னாளில் பெரிய இழப்பைக் கொண்டுவந்தது.

திரும்பி வந்த செக்

அந்த 75 சென்ட் பிரேமை லாய்ட் பொக்கிஷம் மாதிரி பாதுகாத்தார். சுமார் ஒன்றரை வருஷம் அதே ஒரு பிரேம்தான். ஒரு கட்டத்தில் அது உடைய ஆரம்பித்தது. பசை, ஒட்டு மீசை ஒட்டப் பயன்படும் மேக்கப் கோந்து என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து இன்னும் மூன்று மாதம் ஓட்டினார்.

அதற்கு மேல் முடியவில்லை. அதே அளவில் புதிய பிரேம்கள் செய்து தரும்படி நியூயார்க்கில் இருந்த ஒரு கண்ணாடி தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பி, கூடவே செக்கும் வைத்தார். திரும்பி வந்தது 20 பிரேம்கள். செக்கும் அப்படியே திரும்பி வந்தது. லாய்டின் படங்களால் தடித்த பிரேமுக்குக் கிடைத்த விளம்பரத்துக்கு, தாங்கள்தான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது அந்த நிறுவனத்தின் பதில்.

அது சும்மா மரியாதைக்குச் சொன்னதில்லை. அதுவரை சினிமாவில் கண்ணாடி என்றால் கிழவர், வாத்தியார், பாதிரியார். லாய்ட் வந்த பிறகு கதாநாயகனும் போடலாம், காதலிக்கவும் செய்யலாம் என்று ஆனது.

கையில் வெடித்த குண்டு

1919 ஆகஸ்ட் 24. லாய்டுக்கு 26 வயது. விளம்பரப் படம் எடுக்க ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போயிருந்தார். கார்ட்டூனில் வருவது போன்ற உருண்டை குண்டு ஒன்றின் திரியால் சிகரெட் பற்ற வைப்பதுபோல போஸ். அது டம்மி குண்டு என்று நினைத்தார்கள். ஆனால் அது நிஜமாகவே வெடித்தது.

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. முகமெல்லாம் தீக்காயம். அதைவிடப் பெரிய பயம் கண்கள். பார்வை திரும்புமா என்றே தெரியாத நிலை. பார்வைக் குறைபாடே இல்லாமல், வெறும் வேஷத்துக்குக் கண்ணாடி போட்ட மனிதர், நிஜமாகவே பார்வை போய்விடுமோ என்ற பயத்தோடு மருத்துவமனையில் கிடந்தார்.

நல்லவேளையாகக் கண்கள் பிழைத்தன. முகத்திலும் பெரிய வடு இல்லை. சில மாதங்களில் படப்பிடிப்புக்குத் திரும்பினார். இழந்த விரல்களை மறைக்க, செயற்கை விரல்கள் வைத்த தோல் நிற கையுறை ஒன்றைத் தயார் செய்தார்கள். அதன் பிறகு வந்த படங்களில் எல்லாம் அந்தக் கையுறையோடுதான் நடித்தார். இந்த விஷயத்தை அவர் விளம்பரம் ஆக்கவில்லை. பரிதாபப்பட்டால் மக்கள் சிரிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

எட்டு விரல்களோடு கடிகார முள்ளில்

இப்போது அந்தக் கடிகாரக் காட்சியை மறுபடி பாருங்கள். சேஃப்டி லாஸ்ட் படம் 1923 ஏப்ரலில் வெளியானது. அதில் தொங்குபவருக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான்.

பில் ஸ்ட்ரோதர் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு உயரமான கட்டடத்தின் வெளிச்சுவரில் கயிறு இல்லாமல் ஏறியதை லாய்ட் தெருவில் நின்று பார்த்தார். பார்க்கவே முடியாமல் நெஞ்சு பதறியது. அந்தப் பதற்றத்தையே படமாக்க முடிவு செய்தார். ஸ்ட்ரோதருக்கும் படத்தில் வேஷம் கொடுத்தார்.

படப்பிடிப்பில் ஒரு தந்திரம் இருந்தது. நிஜமான உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியில், சுவர் மாதிரி செட் போட்டார்கள். கேமராவைச் சரியான கோணத்தில் வைத்தால் செட்டுக்குக் கீழே நேராகத் தெருதான் தெரியும். லாய்டுக்குக் கீழே மெத்தை போட்ட மேடை இருந்தது. தூரத்தில் இருந்து எடுத்த சில காட்சிகளில் டூப் ஏறினார். ஆனாலும் மேடையில் விழுந்து உருண்டால் மாடிக்கு வெளியே போக வாய்ப்பிருந்தது. தந்திரம் இருந்தாலும் ஆபத்து நிஜம்தான்.

இதில் நாயகியாக நடித்தவர் மில்ட்ரெட் டேவிஸ். படம் வருவதற்கு முன்பே, அதே 1923 பிப்ரவரியில் லாய்ட் அவரைத் திருமணம் செய்துகொண்டார்.

அதன் பிறகு ரோச்சிடமிருந்து பிரிந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். கேர்ள் ஷை, தி ஃப்ரெஷ்மேன், ஸ்பீடி என்று வரிசையாக வெற்றி. பெவர்லி ஹில்ஸில் 44 அறைகள் கொண்ட கிரீன்ஏக்கர்ஸ் மாளிகையைக் கட்டினார். இவ்வளவு புகழ் இருந்தும் தெருவில் அவரால் நிம்மதியாக நடக்க முடிந்தது. பிரேமைக் கழற்றிவிட்டால் யாருக்கும் அவரை அடையாளம் தெரியாது! கண்ணாடி போட்டால் ஒரு ஆள், கழற்றினால் வேறு ஆள். 1938-ல் வந்த சூப்பர்மேனின் கிளார்க் கென்ட் பாத்திரத்துக்கு லாய்டும் ஒரு முன்மாதிரி.

பிரேமும் பிலிமும் ஒரே பொருள்

பேசும் படம் வந்ததும் லாய்டும் பேசினார். 1929-ல் வந்த வெல்கம் டேஞ்சர் நன்றாகவே ஓடியது. ஆனால் அதே நேரம் அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம். முயற்சி செய்தால் முன்னேறிவிடலாம் என்று துள்ளும் லாய்டின் இளைஞன், வேலையில்லாமல் வரிசையில் நின்றவர்களோடு ஒட்டவில்லை. 1938-க்குப் பிறகு ஏறக்குறைய ஒதுங்கினார். 1947-ல் ஒரே ஒரு படத்துக்காகத் திரும்பி வந்தார். அதுவே கடைசி.

தன் படங்களின் உரிமையைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருந்தார். பிரதிகளை வீட்டிலேயே தனி அறையில் சேமித்தார். 1943-ல் அந்த அறையில் தீப்பிடித்தது. ஆரம்பகாலப் படங்கள் பல சாம்பலாயின. சிலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

காரணம், அந்தக் கால சினிமா பிலிமும் செல்லுலோஸ் நைட்ரேட்தான். அதாவது செல்லுலாய்ட் பிரேம் எந்தப் பொருளில் ஆனதோ, அதே குடும்பம். அவருக்கு முகம் கொடுத்த பிரேம்களுக்கும், அந்த முகத்தைப் பதிவு செய்த பிலிமுக்கும் அடிப்படை ஒன்றே. இரண்டுக்குமே ஒரே பலவீனம்.

இரண்டுக்கும் கிடைத்த மாற்றும் ஒன்றேதான். செல்லுலோஸ் அசிடேட். நைட்ரிக் அமிலத்துக்குப் பதில் அசிட்டிக் அமில வழியில் செய்வது. இது அப்படிக் கொழுந்துவிட்டு எரியாது. 1950களின் தொடக்கத்தில் சினிமா பிலிம் முழுக்க இதற்கு மாறியது. கண்ணாடி பிரேம்களும் மாறின.

இன்றைய நல்ல பிரேம் எப்படி இருக்கும்?

தடித்த பிரேம்களில் தரமானது என்று இன்றும் சொல்லப்படுவது அசிடேட்தான். அதன் தகட்டிலேயே நிறம் கலந்திருக்கும். தகட்டில் இருந்து பிரேமை வெட்டி எடுத்து, மரத்துண்டுகளோடு பீப்பாயில் போட்டு உருட்டி உருட்டி மெருகேற்றுவார்கள். அதனால் கீறல் விழுந்தாலும் உள்ளேயும் அதே நிறம். அச்சில் வார்த்து மேலே பெயின்ட் அடித்த மலிவு பிரேமில் கீறினால் வேறு நிறம் தெரிந்துவிடும்.

காது கம்பிக்குள் உலோகக் கம்பி ஓடுகிறதா, கீல் வெறும் பசையில் ஒட்டியிருக்கிறதா அல்லது பிரேமுக்குள் இறுக்கமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடக்கும்போது லேசான இறுக்கம் இருக்க வேண்டும். தொளதொளவென ஆடினால் சீக்கிரம் பிரச்னை. அசிடேட்டைச் சூடு காட்டி உங்கள் காதுக்கும் மூக்குக்கும் ஏற்றபடி வளைக்கலாம். டிஆர்-90 என்று விற்கும் நைலான் வகை பிரேம் எடை குறைவு, வளைந்தாலும் சட்டென உடையாது. ஆனால் அப்படி வளைத்துப் பொருத்துவது கடினம்.

உலோகம் பிடிக்கும் என்றால் டைட்டானியம் நல்ல தேர்வு. எஃகைவிட எடை நன்றாகவே குறைவு, வியர்வையில் துருப்பிடிக்காது. நிக்கல் கலந்த மலிவு உலோகம் பட்டு மூக்கிலும் காதோரத்திலும் அரிப்பு வருபவர்களுக்கு கலப்பில்லாத டைட்டானியம் கைகொடுக்கும்.

மறதியும் திரும்பி வந்த புகழும்

ஓய்வுக்குப் பிறகு லாய்ட் சும்மா இருக்கவில்லை. முப்பரிமாணப் புகைப்படம் எடுப்பதில் இறங்கி லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஷிரைனர்ஸ் அமைப்பின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்து, அது நடத்திய குழந்தைகள் மருத்துவமனைகளுக்காக உழைத்தார். 1953-ல் அவருக்கு கௌரவ ஆஸ்கர் கிடைத்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். தொலைக்காட்சிக்குப் படங்களை மலிவாகக் கொடுக்க மாட்டேன், வெட்டி ஒட்டி ஒளிபரப்ப விடமாட்டேன் என்று நின்றார். சாப்ளினும் கீட்டனும் அடுத்த தலைமுறையின் வீட்டுக்குள் வந்தபோது லாய்ட் வரவில்லை. இன்று அவர் பெயர் பலருக்குத் தெரியாமல் போனதற்கு இது முக்கியமான காரணம். படத்தைக் காப்பாற்ற நினைத்த பிடிவாதமே பெயரை மறக்கடித்தது.

1971 மார்ச் 8-ம் தேதி, புற்றுநோயால் 77 வயதில் காலமானார். பிறகு அவர் பேத்தியின் முயற்சியில் மிஞ்சிய படங்கள் சீரமைக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தன. ஜாக்கி சான் 1983-ல் ப்ராஜெக்ட் ஏ படத்தில் கடிகாரத்தில் தொங்கியது லாய்டுக்குச் செய்த மரியாதை.

ஜப்பானில் வட்டமான தடித்த பிரேம் கண்ணாடிக்கு இன்றும் ஒரு தனிப் பெயர் உண்டு. ரோய்டோ மெகானே. ஜப்பானிய உச்சரிப்பில் லாய்ட் ரோய்டோ ஆனது, மெகானே என்றால் கண்ணாடி. அங்கே லாய்டின் ஒரு படம்கூடப் பார்க்காதவரும், கடையில் அவர் பெயரைச் சொல்லித்தான் பிரேம் கேட்கிறார்.